புரோக்கர் பரீட்சையும் திருவொற்றியூர் பிளாட்டும்

காரில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வீடு பார்க்க வருகிறவர்கள், சிக்னலில் வண்டி நிற்கிற நேரமாகப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். "இது நல்ல ஏரியாதானே?" நான் பதில் சொல்ல மாட்டேன். போலீஸ் துறையின் இணையதளத்தில் விவரம் இருக்கிறது, பள்ளிக்கூடங்களைப் பற்றி மாநில அரசே தகவல் வெளியிடுகிறது, நீங்களே ஒரு சாயங்காலம் வந்து இந்தத் தெருவில் நடந்து பாருங்கள் என்பேன். இந்த ஊர் அமெரிக்கர்கள் தலையாட்டிக்கொள்வார்கள். நம்மூர்க்காரர்களுக்கு முகம் சுருங்கிவிடும். போன வருடம் ஒரு தமிழ்ப் பெண் என்னை விடவில்லை. "பெருசா ஒண்ணும் வேணாங்க. நம்ம ஆளுங்க இருக்காங்களான்னு மட்டும் சொல்லுங்க" என்றார். சட்டப்படி அதை நான் சொல்லக் கூடாது என்றேன். பின்சீட்டில் இருந்த கணவரிடம், எனக்குக் கேட்கும்படியாகவே, "கமிஷன் மட்டும் வாங்கத் தெரியுது" என்றார். அவர் சொன்ன 'நம்ம ஆளுங்க'ளில் நான் சேர்த்தியா இல்லையா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்று அவர்களுக்கு மூன்று வீடு காட்டினேன். மறுபடி அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை.

நான் இருக்கும் நியூஜெர்சியில் வீடு விற்க இரண்டு விதமான லைசென்ஸ் உண்டு. முதலாவது சேல்ஸ்பர்சன். அதை வாங்கியவர் தனியாகக் கடை போட முடியாது, ஒரு புரோக்கரின் கீழேதான் வேலை பார்க்க வேண்டும். அப்படிச் சில வருடங்கள் பார்த்த பிறகு மறுபடி வகுப்புக்குப் போய், மறுபடி பரீட்சை எழுதி, இரண்டாவதை வாங்கலாம். அதுதான் புரோக்கர் லைசென்ஸ். ராயபுரத்தில் ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் ஏற்றுமதிக் காகிதம் பார்த்துக்கொண்டிருந்த நான், கணவர் பிரபுவின் வேலையை ஒட்டி இங்கே வந்து, வீட்டோடு அடைந்து கிடந்து அலுத்துப்போய் இந்தத் தொழிலில் இறங்கியவள். புரோக்கர் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று ஊருக்குப் போன் செய்து சொன்னபோது என் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அண்ணன் பெயர் சித்தார்த்தன். திருவொற்றியூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். கடையின் கண்ணாடி முழுக்க 'வீடு வாடகைக்கு' என்று கையால் எழுதி ஒட்டிய சீட்டுகள். ஜெராக்ஸில் வருவது கரண்ட் பில்லுக்குச் சரியாகப் போகும், குடும்பம் நடப்பது வீட்டு புரோக்கர் வேலையில்தான். "இன்னாது, புரோக்கருக்குப் பரீட்சையா? பேஜாரா கீதே!" என்றான். "எந்த ஓனரு எந்த மாதிரி ஆளை உள்ள வுடுவான், அது தெரிஞ்சா போதும். நான் தெனம் அந்தப் பரீட்சைதான் எழுதிகினு கீறேன்." நானும் சேர்ந்து சிரித்தேன். அம்மா அப்பா இருவரும் போன பிறகு ஊர் என்றால் எனக்கு அவன் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பியோடு உட்கார்ந்து அவனைக் கூப்பிடுவேன். அங்கே சாயங்காலம். கடைக்கு வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை.

வகுப்பு ஒரு ஷாப்பிங் வளாகத்தின் மாடியில் நடந்தது. பாடம் நடத்தியவர் கரோல், வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டிருந்த பெண்மணி. வீடு தருவதில் பாகுபாடு கூடாது என்ற சட்டத்தை நாடகம் போட்டு நடத்துவார். பெரு நாட்டிலிருந்து வந்த ஒருவர் வீடு வாங்குகிறவர், நான் புரோக்கர். "குடும்பத்தோடு இருக்க ஏற்ற இடமா?" என்று அவர் கேட்டார். நான் மனதாரச் சொன்னேன்: "அருமையான இடம். நிறையக் குடும்பங்கள் இருக்கின்றன. பக்கத்திலேயே தேவாலயம். உங்கள் மொழி பேசுகிறவர்கள் அடுத்த தெருவிலேயே இருக்கிறார்கள்." கரோல் கையைத் தட்டி நிறுத்தினார். "கௌதமி, ஒரே மூச்சில் மூன்று முறை சட்டத்தை மீறிவிட்டாய்" என்றார். வகுப்பே சிரித்தது. சேல்ஸ்பர்சன் பரீட்சைக்கு இந்தச் சட்டத்தை மனப்பாடம் செய்து எழுதியவள்தான், ஆனாலும் எது தப்பு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. புது இடத்துக்கு வருகிறவனுக்கு அவன் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுப்பது எங்கள் பக்கத்தில் உபகாரம். கரோல் விளக்கினார். அவனுடைய ஆட்கள் இருக்கும் தெருவைக் காட்டுகிற கை, மற்ற தெருக்களை அவனிடமிருந்து மறைக்கிறது. நீ கதவைத் திறந்து விடு, எந்தக் கதவு என்று அவன் முடிவு செய்யட்டும்.

பிறகு நிறம், மதம், பிறந்த நாடு, உடல் ஊனம் என்று சட்டம் காக்கிற பிரிவுகளைப் படித்துக்கொண்டே போனார். நான் கையைத் தூக்கி, சாதி உண்டா என்று கேட்டேன். சாதிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் வார்த்தையும், எலும்பு முறிந்தால் போடும் மாவுக்கட்டுக்குச் சொல்லும் வார்த்தையும் காதுக்கு ஒன்றுதான். கரோல் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கட்டு எவ்வளவு காலம் இருக்கும் என்பதைப் பொறுத்தது. சில வாரத்தில் எடுத்துவிடுவதாக இருந்தால் அது ஊனத்தில் வராது" என்றார். இடைவேளையில் அவரிடம் போய் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டார். பரம்பரை என்ற பொருளில் ஒரு சொல் இந்த மாநிலச் சட்டத்தில் இருக்கிறது, அதில் அடங்கும் என்று நினைக்கிறேன், ஆனால் நிச்சயமாகத் தெரியவில்லை என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த அம்மாளை எனக்குப் பிடித்துப்போனது.

நான் ஏன் கேட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். நாங்கள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்தவர்கள். அப்பா துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டினார். வீட்டுக் கூடத்தில் புத்தர் படம் ஒன்று இருந்தது, அப்பாவின் அப்பா காலத்திலிருந்தே. பிரபுவுக்குக் கொருக்குப்பேட்டை, ரயில்வே குடும்பம். கல்யாணமான புதிதில் அவருடைய அலுவலகம் நகரத்தின் மேற்குப் பக்கம் இருந்ததால் அங்கே வாடகைக்கு வீடு தேடினோம். பைக்கில் வந்த புரோக்கர் ஒருவர், "எந்த ஏரியான்னு கேட்டா பெரம்பூர்னு சொல்லிடும்மா, ஒண்ணும் தப்பில்ல, பக்கந்தான்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். வீட்டுக்கார அம்மா நல்லபடியாகத்தான் பேசினார், தண்ணீர் கூடக் கொடுத்தார். ஏரியாவைக் கேட்கவே இல்லை. சமையலறையைக் காட்டிவிட்டு, "பூஜை ரூம் தனியா இல்ல. இந்த அலமாரியில சாமி படம் வெச்சுக்கலாம். உங்களுக்கு எந்த சாமி?" என்றார். "எங்க வீட்ல புத்தர் படம்தான்" என்றேன். அவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடி முடிந்ததைப் பார்த்தேன். "ஊர்ல மாமியார் கிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். மாடிப்படி இறங்கும்போது புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா நீ! ஷோவுக்கு வெச்சிகினு கீறோம்னு சொல்லக் கூடாதா?"

அப்படிப் பல வீடுகள். யாரும் திட்டவில்லை, யாரும் கதவை அறையவில்லை. எல்லோரும் யாரையாவது கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். கடைசியில் அண்ணன்தான் திருவொற்றியூரில் ஒரு சின்ன பிளாட்டைப் பிடித்துக் கொடுத்தான், இரண்டாவது மாடியில். அதன் சொந்தக்காரர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று, காலையில் தண்ணீர் மோட்டார் போட்டால் மறக்காமல் நிறுத்துவீர்களா என்பது. கதவைத் திறந்தால் கடல்காற்று அடிக்கும், காயப்போட்ட துணியில் கரித்தூள் படியும். பிரபு தினமும் நகரத்தைக் குறுக்காகக் கடந்து வேலைக்குப் போய் வந்தார். நாங்கள் அமெரிக்கா வந்த பிறகு அந்த பிளாட் விலைக்கு வந்தபோது, யோசிக்காமல் வாங்கினோம். அண்ணன்தான் குடித்தனம் வைத்துப் பார்த்துக்கொண்டான்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அங்கே குடியிருந்தவர்கள் காலி செய்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாதாரணமாகத்தான் சொன்னான்.

"வூட்டுக்கு ஒரு பார்ட்டி வந்துச்சு. இல்லன்னு போன்ல சொல்ட்டேன்."

"ஏன்?"

"எண்ணூர் நெட்டுக்குப்பத்து ஆளுங்க. வூட்டுக்காரன் கடலுக்குப் போறான், பொண்டாட்டி மீன் விக்கிது. அவங்க பொண்ணுக்கு இழுப்பாம், அந்தப் பக்கத்துக் கம்பெனிப் புகை ஒத்துக்கல, டாக்டரு வேற எங்கனா போகச் சொல்ட்டாராம். பாவம்தான். ஆனா அசோசியேஷன்ல வுட மாட்டாங்க. கவுச்சி வாடை வரும், மாடிப்படியெல்லாம் கலீஜாயிடும்னு இப்பவே பேசிகினு கீறாங்க."

"நம்ம மீன் துன்னதில்லையாண்ணா?"

"நம்ம வாங்கித் துன்றோம். அவங்க கூடையோட ஏறி வருவாங்க. அது வேற."

அது வேற என்று அவன் சொன்ன மாதிரியில்தான் எனக்கு வலித்தது. எங்களுக்கு வீடு இல்லை என்றவர்கள் எல்லோருக்கும் ஒரு 'அது வேற' இருந்தது. நான் அந்தக் குடும்பத்துக்கே கொடுக்கச் சொன்னேன். அண்ணன் குரல் மாறியது. "உனுக்கின்னா, நீ அங்க கீற. நான் இந்தத் தெருவுல கடை வெச்சிகினு கீறேன். அந்த பில்டிங்ல பாதி வூட்டுக்கு நான்தான் ஆள் புடிச்சி வுட்டேன். நாளைக்கு செக்ரட்டரி இவன்கிட்டப் போகாதன்னு ஒரு வார்த்தை சொன்னா, என் பொயப்பு பூடும்." அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் என் முன்னால் பாடப்புத்தகம் திறந்திருந்தது. இன்னாருக்குக் காட்டாதே என்று சொல்லும் சொந்தக்காரரிடம் புரோக்கர் என்ன செய்ய வேண்டும்? அந்த வேலையை மறுத்துவிட வேண்டும். எங்கள் விஷயம் தலைகீழாக இருந்தது. இங்கே சொந்தக்காரி கொடு என்கிறாள், புரோக்கர் மறுக்கிறான். "அப்படின்னா என் வூட்டுக்கு நீ புரோக்கர் வேணாம்ண்ணா. நான் வந்து பாத்துக்கிறேன்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அது பெரிய வார்த்தை என்று தெரிந்துவிட்டது. லாரி ஹாரன் கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. பரீட்சைக் கூடத்தில் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கணினி முன்னால் உட்கார்ந்து அடமானம், ஒப்பந்தம், வைப்புக் கணக்கு என்று ஒவ்வொன்றாக எழுதி முடித்தேன். வெளியே மேசையில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டி, "வாழ்த்துகள்" என்றாள். காருக்கு வந்து பிரபுவைக் கூப்பிட்டுச் சொன்னேன். சந்தோஷப்பட்டவர், "அண்ணனுக்குச் சொன்னியா?" என்றார். சொல்லவில்லை. இனி நான் யாருக்குக் கீழும் இல்லாமல் தனியாகக் கடை போடலாம். அந்த வண்டி நிறுத்தத்தில் தனியாக உட்கார்ந்திருந்தபோது 'தனியாக' என்ற அந்த வார்த்தை நன்றாக இல்லை.

விடுப்பு கிடைத்ததும் நான் மட்டும் ஊருக்குப் போனேன். வர மாட்டான் என்று நினைத்து, விமான நிலையத்திலிருந்து போக டாக்சி சொல்லியிருந்தேன். வெளியே வந்தால் கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணன் நிற்கிறான். "அந்த டாக்சியை கேன்சல் பண்ணு" என்றான், பெட்டியை வாங்கிக்கொண்டான். நண்பனின் வண்டியை எடுத்து வந்திருந்தான். ராயபுரம் தாண்டுகிற வரைக்கும் நாங்கள் வெயிலைப் பற்றித்தான் பேசினோம். கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் வண்டி மாட்டிக்கொண்டு நின்றபோது, ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பாஸாமே. பிரபு மெசேஜ் பண்ணாரு. நீ சொல்லல." முன்னால் நின்ற லாரி நகர்ந்ததும், "அந்தம்மா நம்பரு எங்கிட்டதான் கீது. இன்னும் வூடு கெடைக்கல போல. விசாரிச்சேன்" என்றான்.

மறுநாள் இருவரும் நெட்டுக்குப்பம் போனோம். அந்த அம்மா பெயர் செல்வி. என் வயதுதான் இருக்கும். வீட்டு வாசலில் வலையைக் குவித்து வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் நாற்காலியில் பெண், தீபிகா, கல்லூரிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மூச்சு விடுகிற சத்தம் வாசல் வரை கேட்டது. செல்வி அண்ணனை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னா சார், இல்லன்னு போன்லயே சொல்ட்டீங்க. நேர்லயும் ஒரு தபா சொல்லிட்டுப் போலாம்னு வந்தீங்களா?"

அண்ணன் தரையைப் பார்த்தான். நான்தான் வீட்டுச் சொந்தக்காரி என்றும், வீடு அவர்களுக்குத்தான் என்றும் சொன்னேன். செல்வி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் அமெரிக்காவுல கீறவங்களா?"

"ஆமாம்மா."

"எப்ப திரும்பிப் போறீங்க?"

"ரெண்டு வாரத்துல."

"அப்ப நீங்க பூடுவீங்க. அதுக்கப்புறம் எவனாவது மூக்கைப் பொத்திகினு வந்து எங்களைக் கேள்வி கேட்டா, யாரு பதில் சொல்றது? உங்களுக்கு அங்க போன் அடிக்கிறதா? தோ, இந்தப் பொண்ணை வெச்சிகினு நான் சண்டை போட முடியாதும்மா. சும்மா இருந்தாலே அதுக்கு மூச்சு வாங்குது."

பரீட்சையில் எழுதிய எந்தப் பதிலும் அங்கே உதவவில்லை. இதே விஷயத்தைத்தான் அண்ணனும் போனில் சொன்னான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டம் சொல்கிறவள் விமானம் ஏறிவிடுவாள், அங்கே இருக்கிறவர்கள்தான் ஒவ்வொரு நாளும் மாடிப்படி ஏறி இறங்க வேண்டும்.

"நான் சொல்றேன்" என்றான் அண்ணன்.

செல்வி அவனைப் பார்த்தார்.

"யாரு வந்து கேட்டாலும் எங்கிட்ட அனுப்புங்க. கடை எதுக்கதான் கீது. நான் பதில் சொல்றேன்" என்றான். பிறகு என்னைப் பார்க்காமல், செல்வியைப் பார்த்து, "எங்களுக்கும் ஒரு காலத்துல எவனும் குடுக்கலம்மா" என்றான். அதை அவன் வெளி ஆளிடம் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அசோசியேஷன் செக்ரட்டரி மோகன் சார், துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. எங்களை உட்காரவைத்து, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, ஆனா மத்தவங்க..." என்று ஆரம்பித்தார். அண்ணன் கையெடுத்துக் கும்பிடுவான், சமாதானமாகப் பேசுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தன் போனை எடுத்து மேசையில் வைத்தான். "அந்த மத்தவங்க யாருன்னு சொல்லு சார், இப்பவே கூப்ட்டுப் பேசலாம். அந்தம்மா கூடையை மார்க்கெட்லயே வெச்சிட்டுத்தான் வருது, அதையும் நானே விசாரிச்சிட்டேன். இந்த பில்டிங்ல யாரு வூட்ல ஞாயித்துக்கிழமை மீன் கொயம்பு இல்ல? உங்க வூட்டு வாசன என் கடை வரைக்கும் வரும் சார்." மோகன் சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு முடியாது என்று சொல்ல அவரால் முடியவில்லை. ஆனால் எல்லாம் சிரிப்பில் முடியவில்லை. முதல் மாடிக்காரர் ஒருவர், காலியாகப் போகும் தன் வீட்டுக்கு வேறு புரோக்கரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அண்ணன் கடைக் கண்ணாடியிலிருந்து தன் சீட்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் அந்த இடத்தில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். "வுடு, வேற வரும்" என்றான். என்னிடம் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா, தெரியாது.

புலம்பெயர்ந்து இருக்கும் நாம் ஊரைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது. அங்கே சட்டம் இல்லை, ஒழுங்கு இல்லை என்கிறோம். இங்கே சட்டம் இருக்கிறது, அதனால் என் வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுகிறேன். என் உரிமம் போய்விடும் என்ற பயம்தான் பாதி நாள் என்னை நேர்மையாக வைத்திருக்கிறது. அண்ணனைக் கட்டுப்படுத்த அப்படி ஒன்றும் இல்லை. நான் பரீட்சை எழுதினேன். அதற்கான விலையை அவன் கொடுத்தான். இதை அவனிடம் சொன்னால் சிரிப்பான்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் செல்வி குடும்பம் பிளாட்டுக்கு வந்துவிட்டது. சாயங்காலம் சொல்லிக்கொண்டு வரலாம் என்று போனேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அண்ணன் ஏணி மேல் ஏறி ஃபேனை மாட்டிக்கொண்டிருந்தான், செல்வியின் கணவர் ஏழுமலை ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இருவரும் மாமு, மச்சான் என்று பேசுகிற அளவுக்கு வந்திருந்தார்கள். "வாங்க, உள்ள வாங்க" என்று செல்வி கூப்பிட்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தேன். தட்டில் சோறும் வஞ்சிரம் வறுவலும் வைத்தார். தீபிகா ஜன்னல் பக்கம் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. வந்த அன்றைக்கே சரியாகிவிடுமா என்ன.

சாப்பிட்டு முடித்து கை கழுவ எழுந்தேன். பின்பக்கம் இருட்டாக இருந்தது. "இருங்க, சுச்சு எங்கன்னு..." என்று செல்வி எழுவதற்குள், கதவுக்குப் பின்னால் மறைவாக இருக்கும் சுவிட்சை என் கை பழைய பழக்கத்தில் தானாகப் போய்ப் போட்டுவிட்டது. வெளிச்சம் வந்தது. குழாயடியில் புது பக்கெட், புது சோப்புப் பெட்டி, கொடியில் அவர்கள் வீட்டுத் துண்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கையைக் கழுவிவிட்டு, கேட்காமல் அவர்கள் துண்டை எடுத்துத் துடைக்கலாமா என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.